தடைக்காலம், ஒரு பழைய கேமரா: பாம்பன், மண்டபம் பக்கம் கூட வர யாராவது இருக்கிறீர்களா?

வாடைக்காற்று | தங்கச்சிமடம் | ஏப்ரல் 27

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் புகைப்படக் குழுவில் வரும் படங்களை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவர் ஓட்டிய வல்லத்தை, அந்தப் படகை, கடனை அடைக்கக் கொடுத்தாயிற்று. சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். இங்கே ஒரு இடத்தில் சேர்ந்தேன், சம்பளம் இழுத்தடித்தார்கள், அதையும் விட்டேன். அம்மா கருவாடு போட்டு வீட்டை ஓட்டுகிறது. எனக்கு ராத்திரியில் தூக்கமில்லை, பகலில் எழுந்திருக்க மனசில்லை. கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவே பிடிக்கவில்லை. தீவுக்குள் இருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் எங்கே போவது?

சித்தப்பா மகன் துபாய் போகும்போது ஒரு பழைய கேனானைக் கிட் லென்ஸோடு என்னிடம் விட்டுப் போனான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக்கிடக்கின்றன. பெயிண்ட் அடிக்கிறார்கள், வலை பொத்துகிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். நேற்று போய்க் கொஞ்சம் எடுத்தேன். எல்லாமே வெளிறியும் இல்லாமல் சாம்பலாகவும் இல்லாமல் ஒரு மாதிரி வந்திருக்கிறது.

கேட்க வந்தது இரண்டு விஷயம். படம் ஏன் இப்படி வருகிறது? அப்புறம், இந்த மாதிரி நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா? இதிலிருந்து மீண்டு வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


இருட்டறை | ராமநாதபுரம் | ஏப்ரல் 27

தம்பி, முதலில் சுலபமான கேள்வி. நம் கரையில் மணல் வெள்ளை, படகு வெள்ளை, வானமும் பாதி நாள் வெள்ளை. கேமராவுக்கு இது தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் மணல் அழுக்காகத் தெரியும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பை, ஒன்று கூட்டி வைத்துப் பார். போனில் என்றால் திரையைத் தொட்டு மேலே இழுத்தால் போதும். பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளியே எடுக்காதே. அந்த நேரத்தில் படகின் நிழலுக்குள் உட்கார்ந்து வலை பொத்துபவர்களை எடு. மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் கீழிருந்து விழும், எந்த ஸ்டூடியோ விளக்கும் அதற்கு ஈடில்லை.

லென்ஸில் உப்புத்தூள் படியும். காய்ந்த துணியால் தேய்த்தாயோ, கீறல் விழுந்துவிடும். முதலில் ஊதித் தள்ளு, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடு. கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றாதே.

இரண்டாவது கேள்வி கஷ்டமானது. படம் எடுத்தால் கவலை தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டூடியோ வைத்துக் கடன்பட்டவன் நான். செல்போன் வந்ததும் பாஸ்போர்ட் சைஸ் கூட்டம் பாதியாகிவிட்டது. ஆனால் ஒன்று சொல்வேன். எடுத்ததை நீயே வைத்துக்கொள்ளாதே. யாரை எடுத்தாயோ அவர் கையில் பிரிண்ட்டாகக் கொண்டுபோய்க் கொடு. நாலுக்கு ஆறு சைஸில் போட என்ன பெரிய செலவாகிவிடும்? முதல் பத்து என் கணக்கு. வந்து வாங்கிக்கொள்.


மெகாபிக்சல் | மண்டபம் | ஏப்ரல் 28

வீட்டில் கஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள், இவர்கள் எக்ஸ்போஷர் சொல்லித் தருகிறார்கள். நல்ல கூத்து. அந்த கேமராவை விற்றால் இரண்டு மாத மளிகைக்கு ஆகும். பாம்பன் புது ரயில் பாலத்தைத் தூக்கும்போது பாருங்கள், ரோட்டுப் பாலத்தின் ஒரே இடத்தில் முந்நூறு பேர் நின்று ஒரே படத்தை எடுக்கிறார்கள். முந்நூற்று ஒன்றாவது ஆளாக நீங்களும் போய் நிற்கப் போகிறீர்களா?


இருட்டறை | ராமநாதபுரம் | ஏப்ரல் 28

மெகாபிக்சல், பாலத்தைப் பற்றிச் சொன்னது சரி. 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து அந்த 72.5 மீட்டர் நடுப்பகுதி மேலே ஏறுகிற படம் இல்லாத போன் இந்த மாவட்டத்தில் இல்லை. ஆனால் 1914 பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித் திறந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வேலை பார்த்தவர்களின் வீடுகள் பாம்பனில் இருக்கும். அவர்களில் யாரையாவது உட்கார்த்தி வைத்துக் கேட்டு எழுதினால், அது முந்நூறில் ஒன்றாக இருக்காது.

கேமராவை விற்பதா என்பது தம்பி பாடு. நான் விற்கச் சொல்ல மாட்டேன்.


கீழக்கரை லாத்தா | கீழக்கரை | ஏப்ரல் 28

தம்பி, நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, பூநாரை படம் பார்க்கத்தான் இங்கே வருகிறேன்.

தூக்கம் இல்லை, எழுந்திருக்க மனசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டியது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் போடுங்கள், டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். எந்த நேரமும் எடுப்பார்கள்.

நம் பக்கத்தில் மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வதற்கே ஒரு பயம். அதற்குக் காரணமும் உண்டு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அந்த மாதிரிக் காப்பகங்களை அரசு மூடியது. ஆனால் அந்தப் பயம் வீடுகளுக்குள் இன்னும் இருக்கிறது. சொன்னால் கட்டிப் போட்டுவிடுவார்கள் என்று நினைக்கிற ஆட்களை வார்டில் நானே பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை தம்பி. மாத்திரை வேண்டுமென்றால் மாத்திரை, பேச்சு போதுமென்றால் பேச்சு. கேமராவும் இருக்கட்டும். இது அதற்குப் பதில் ஆகாது, அது இதற்குப் பதில் ஆகாது.


வாடைக்காற்று | தங்கச்சிமடம் | ஏப்ரல் 30

லாத்தா, போன் போட்டேன். பேசினார்கள். அடுத்த வாரம் ராமநாதபுரம் போகிறேன். இங்கே இதற்கு மேல் எழுதவில்லை.

இருட்டறை அண்ணே, அதே வழியில் கடைக்கு வருகிறேன்.

மெகாபிக்சல் அண்ணன் சொன்னதில் தப்பில்லை. கேமராவுக்கு என்ன விலை வரும் என்று நானே பார்த்து வைத்திருக்கிறேன். ஆடி வரைக்கும் பொறுப்போம் என்று அம்மாவே சொல்லிவிட்டது.


பாசிக்காரி மகள் | பாம்பன் | மே 9

எங்கள் அம்மா கடலில் மூழ்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறவர். நான் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் கடல் கண்ணாடி, தண்ணீருக்குள் பார்க்கப் போடுவது, தொங்கும்.

படம் எடுக்க வருகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பாசிக்குப் போகும் பெண்கள் விரலுக்கு விரல் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், பாறையில் கிழிபடாமல் இருக்க. காலில் செருப்பு, இடுப்பில் பை. பார்க்க வித்தியாசமாக இருக்கிறது என்று ஓடி வந்து எடுக்கிறார்கள். அப்புறம் அந்தப் படம் எங்கே போகிறது என்று தெரியாது. மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவும் 1986லிருந்து தேசியப் பூங்கா. தீவு ஓரம் நிற்கிற ஒரு பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி நீங்கள் ஃபேஸ்புக்கில் போட்டால், உங்களுக்கு லைக் விழும், அவருக்கு விசாரணை வரும். எங்களுக்கு அந்தக் கடல் பாட்டன் காலத்து வேலைத்தலம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்ச நாள்தான் இறங்குவது, தடைக்காலத்தில் நிறுத்துவது என்று பெண்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அதை யாரும் படத்துக்கு அடியில் எழுதுவதில்லை. "உழைக்கும் கரங்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மதுரைப் புகைப்படக்காரர் பழனி குமார், பாசி எடுக்கிற பாரதிநகர் பெண்களைப் பற்றி, கிராமத்து மக்களைப் பற்றி எழுதுகிற பாரி (PARI) இணையதளத்தில் போட்டதைப் பாருங்கள். அந்தப் பெண்கள் பேசுவது அதில் இருக்கிறது. அவருடைய அம்மாவும் மீன் விற்றவர்தான். அதனால்தானோ என்னவோ, பக்கத்தில் நின்று எடுத்த மாதிரி இருக்கும்.


தொண்டி வெயில் | தொண்டி | மே 9

கேட்டுவிட்டு எடுத்தால் படத்தில் உயிர் இருக்காதே? கேமராவைப் பார்த்ததும் எல்லாரும் விறைப்பாகி நின்றுவிடுவார்கள். இயல்பாக வேண்டுமென்றால் சொல்லாமல் எடுப்பதுதான் வழி.


பாசிக்காரி மகள் | பாம்பன் | மே 10

முதல் நாள் விறைப்பார்கள். இரண்டாம் நாள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் உங்களைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். அப்போது எடுங்கள். அவ்வளவு நாள் வர முடியாது என்றால், அது உங்கள் பிரச்சினை.


இருட்டறை | ராமநாதபுரம் | மே 10

தங்கச்சி சொன்னதை இந்தக் குழுவின் முகப்பில் ஒட்டி வைக்க வேண்டும்.


வாடைக்காற்று | தங்கச்சிமடம் | ஜூன் 2

கொஞ்ச நாளாக எழுதவில்லை. மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், பரவாயில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறது. சொந்த ஊர் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் புருஷனை இழந்தது. கைக்குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்ததால் தப்பித்தது. நான் வலை பொத்துகிறவர்களை எடுத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டு, "என்னை ஒன்னு எடுடா" என்றது. எடுத்தேன். அண்ணன் கடையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "அவரு படம் ஒன்னுகூட இல்லையே" என்றது. வீடு, பெட்டி, கல்யாணத்தில் எடுத்த ஒரே போட்டோ, எல்லாம் அந்த ராத்திரியோடு போய்விட்டதாம்.

எப்படி இருப்பார் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தது. எழுந்து போய் நிலைக்கதவின் பக்கத்தில் நின்று, மேல்கட்டைக்கு நாலு விரல் கீழே கையை வைத்து, "இம்புட்டு உசரம்" என்றது. கை அங்கேயே நின்றது. சுருக்கம் விழுந்த கை, மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையல், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அதை எடுத்தேன். முகம் படத்தில் இல்லை.

படத்தை அது கேட்டபடி கொடுத்துவிட்டேன், இங்கே போடப்போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் நடந்தால் கூப்பிடுகிறார்கள். "என் படம் எங்கடா?", "நம்ம படகை எப்ப எடுக்கப் போறே?" என்று கேட்கிறார்கள். கடன்காரனைத் தவிர என்னிடம் வந்து யாரும் எதையும் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. ராத்திரி தூக்கம் இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் நாளைக்கு யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தலையில் ஓடுகிறது, முன்னால் ஓடியது வேறு.


கீழக்கரை லாத்தா | கீழக்கரை | ஜூன் 2

மாஷா அல்லாஹ். மாத்திரையை நடுவில் நிறுத்திவிடாதீர்கள், நன்றாக இருக்கிறதே என்று தோன்றினாலும்.


அரிச்சல்முனை | ராமேஸ்வரம் | ஜூன் 3

தனுஷ்கோடிக்கு ஆட்டோ ஓட்டுகிறவன் நான். 2017இல் முனை வரைக்கும் ரோடு போட்ட பிறகு கூட்டம் சொல்லி மாளாது. எல்லாரும் இடிந்த சர்ச் முன்னால் இறங்கி, எடுத்து, ஏறிவிடுவார்கள். அந்தச் சர்ச்சுக்குப் பின்னால் ஓலைக் குடிசையில் குடும்பங்கள் இருக்கின்றன, கரைவலை இழுக்கிறார்கள், ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள். இரண்டு பக்கக் கடலுக்கும் நடுவே, மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். அதைக் காட்டவா என்று கேட்டால், நேரமில்லை அண்ணா என்பார்கள். பேய் ஊர் என்று போட்டு வீடியோ வேறு. அங்கே குடியிருப்பவர்கள் பேயா?

ஆச்சி மாதிரி ஆட்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள். படத்தோடு அவர்கள் பேசுவதையும் ரெக்கார்ட் செய்யுங்கள் தம்பி. பாம்பனில் கடல் ஓசை 90.4 இருக்கிறது, மீனவர்களுக்கான சமுதாய வானொலி. கடல் கதை என்றால் அவர்கள் காது கொடுப்பார்கள்.


தொண்டி வெயில் | தொண்டி | ஜூன் 3

ரெக்கார்டிங்குக்கு ஒரு யோசனை. கச்சான் காற்று வீசுகிற நேரத்தில் வெளியே வைத்தால் இரைச்சல் மட்டும்தான் பதியும். வீட்டுக்குள், தலையணை மெத்தை இருக்கிற அறையில் உட்கார்த்துங்கள். போனை அவர்கள் மடியில் வைத்தால் போதும், தனி மைக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஃபேனை நிறுத்த வேண்டும், அதுதான் ஆச்சிமாருக்குக் கஷ்டம்.

போன மாதம் சொல்லாமல் எடுப்பது பற்றிச் சொன்னேன் அல்லவா, தெருவில் பொதுவாக எடுப்பதற்கு இன்னும் அதுதான் என் கட்சி. வீட்டுக்குள் வேறு.


மெகாபிக்சல் | மண்டபம் | ஜூன் 11

வாடைக்காற்று, ஒரு வேலை இருக்கிறது. என் ஃபைபர் வத்தையை, சின்னப் படகை, விற்கப் போகிறேன். போனில் எடுத்துப் போட்டேன், ஒருத்தனும் கேட்கவில்லை. வந்து ஒழுங்காக நாலு படம் எடுத்துத் தர முடியுமா? சும்மா வேண்டாம், காசு தருகிறேன்.


வாடைக்காற்று | தங்கச்சிமடம் | ஜூன் 11

நாளைக் காலையில் ஆறு மணிக்கு வருகிறேன் அண்ணே. படகைக் கழுவி வையுங்கள். இன்ஜின் நம்பர் தெரிகிற மாதிரி ஒன்று, அடிப்பாகம் ஒன்று, தண்ணீரில் நிற்கும்போது ஒன்று.


மெகாபிக்சல் | மண்டபம் | ஜூன் 26

வத்தை விலைபோய்விட்டது. படம் நன்றாக இருந்ததால் என்று சொல்லிவிடாதீர்கள், இன்ஜின் நன்றாக இருந்தது. ஆனால் வாங்க வந்த ஆள் அந்தப் படத்தைத் தன் போனில் வால்பேப்பராக வைத்திருக்கிறான். என்னத்தைச் சொல்ல. ஒரு டிரைபாட் சும்மா கிடக்கிறது, ஒரு கால் ஆட்டம், வேண்டுமானால் எடுத்துப் போங்கள்.


பாசிக்காரி மகள் | பாம்பன் | ஜூலை 5

வாடைக்காற்று அண்ணன் எங்கள் தெருவுக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறார். கேமராவை வெளியே எடுக்கவே பல நாள் ஆனது. அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "இந்தப் பையன் போட்டோகாரனா, இல்ல சும்மா வர்றானா" என்று கேட்டது. பிறகு எடுத்தது எல்லாம் கைதான். துணி சுற்றிய விரல்கள், சுற்றும்போது பல்லால் கடித்து முடிச்சுப் போடுவது, அவிழ்த்த பிறகு ஊறி வெளுத்துப் போயிருக்கிற விரல் நுனி. யார் கை என்று வெளியாளுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் அந்தந்த அம்மா சொன்னதை அவர் கேட்கக் கேட்க நான் எழுதினேன். என் அம்மா சொன்னது: "மூச்சு பத்தலன்னு மேல வருவேன், மக பீஸு ஞாபகம் வரும், திரும்பவும் போவேன்." இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.


இருட்டறை | ராமநாதபுரம் | ஜூலை 6

இவ்வளவு சேர்ந்துவிட்டது, இனி திரைக்குள்ளேயே வைத்திருந்தால் பாவம். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். அதையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடத்தில் ஏதாவது வலைக்கொட்டகையில் மாட்டுவோம். ஹால், ரிப்பன், தலைமையுரை எதுவும் வேண்டாம். படத்தில் இருப்பவர்கள் செருப்பைக் கழற்றாமல் நடந்து வந்து பார்க்கிற இடமாக இருக்க வேண்டும். பழைய வலையை விரித்துக் கட்டி, துணி கிளிப்பால் மாட்டிவிடலாம்.

தம்பி, இன்னொன்று. ஆவணியில் கையில் நாலு முகூர்த்தம் இருக்கிறது. எனக்கு இரண்டாவது கேமராவுக்கு ஆள் வேண்டும். மேடைப் படம் நான் எடுப்பேன், பந்தியும் பெரியவர்களும் உன் பாடு. கைக்குச் சம்பளம், அன்றைக்கே.


வாடைக்காற்று | தங்கச்சிமடம் | ஜூலை 6

வருகிறேன் அண்ணே. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கேமரா விற்கிற பேச்சை எடுக்கவில்லை.

கொட்டகை கிடைத்துவிடும், அப்பாவின் கூட்டாளி ஒருவருடையது. காற்றுதான் கவலை. கச்சான் அடித்தால் பிரிண்ட் எல்லாம் பறக்கும்.


அரிச்சல்முனை | ராமேஸ்வரம் | ஜூலை 6

தங்கச்சிமடத்து வடகரை அந்த நேரத்தில் சாந்தமாகத்தான் இருக்கும், தென்கடல்தான் துள்ளும். வாசலை வடக்கு பார்த்து வைத்துக்கொண்டு தெற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். ஆச்சியை ஆட்டோவில் கூட்டி வருவது என் பொறுப்பு.


கீழக்கரை லாத்தா | கீழக்கரை | ஜூலை 7

நானும் வருகிறேன். வரும்போது எங்கள் ஊர் இனிப்பு தொதல் கொண்டு வருவேன். ஆனால் எல்லாரும் கையைக் கழுவிவிட்டுப் படத்தைத் தொடுங்கள்.


தொண்டி வெயில் | தொண்டி | ஜூலை 7

காரங்காட்டுச் சதுப்புக் காட்டில் எடுத்தது கொஞ்சம் இருக்கிறது, சேர்த்துக்கொள்வீர்களா? மனிதர்கள் இல்லை, கொக்கும் தண்ணீரும்தான்.


பாசிக்காரி மகள் | பாம்பன் | ஜூலை 7

படகு ஓட்டிக் கூட்டிப் போனவர் யார், அவர் என்ன சொன்னார் என்று அடியில் எழுதினால் சேர்த்துக்கொள்ளலாம்.


வாடைக்காற்று | தங்கச்சிமடம் | ஜூலை 8

இருட்டறை அண்ணே, பிரிண்ட் எதில் போடுவது? கிளாஸியா, மேட்டா? கிளாஸி பளபளவென்று இருக்கும் என்று அம்மா சொல்கிறது.


இருட்டறை | ராமநாதபுரம் | ஜூலை 8

மேட். கிளாஸியில் தொதல் கை ரேகை அப்படியே விழும், உப்புக்காற்றில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். எட்டுக்குப் பன்னிரண்டு போடுவோம். ஆச்சி படம் மட்டும் இரண்டு காப்பி, ஒன்று ஃப்ரேமோடு. ஃபைல்களை வியாழனுக்குள் பென்டிரைவில் கொண்டு வா. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, அது படத்தைச் சப்பையாக்கிவிடும்.